செம்மஞ்சள் பிடி

முதல் பத்து நிமிடம் நான் ஒன்றும் செய்வதில்லை. காரின் பின் ஆசனத்தைத் தூக்கி, ஹைபிரிட் பற்றறியின் செம்மஞ்சள் பிடியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, மாமரத்தடி வாங்கில் வந்து இருந்துவிடுவேன். கோண்டாவிலில் என் வீட்டு வளவுதான் கராஜ். காரைக் கொண்டுவருகிறவர்களில் பாதிப்பேர் பக்கத்திலேயே நின்று பார்ப்பார்கள். அவர்களுக்கு இந்தப் பத்து நிமிடம் பொறுக்காது.

"என்ன அண்ணை, சும்மா இருக்கிறியள்?" என்று கேட்டார் ரீச்சர். உரும்பிராயிலிருந்து அக்வா கார் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார்.

"இதுவும் வேலைதான் ரீச்சர். கொஞ்சம் பொறுங்கோ."

பிடியைக் கழற்றினால் பற்றறி இரண்டாகத் துண்டிக்கப்படும். ஆனால் முன்னால் இன்வேட்டருக்குள் இருக்கும் கொள்ளளவிகள் அந்தக் கணத்திலேயே வெறுமையாகிவிடுவதில்லை. உள்ளே தேங்கிய மின் வடிய நேரம் வேண்டும். அக்வாவின் பற்றறி 144 வோல்ற். பிரியஸ் என்றால் 201.6. ஓடும்போது இன்வேட்டர் அதை 500, 600க்கு மேல் உயர்த்திக்கொள்ளும். வீட்டுச் சுவரில் வருவது 230. அதுவே ஆளைத் தூக்கி எறியும். அதனால் பத்து நிமிடம் இருப்பேன். பிறகும் கையை வைக்க மாட்டேன்; கையுறையோடு மீற்றரை வைத்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்று அது சொன்ன பிறகுதான் கை. பிடி சட்டைப் பையில் இருப்பதற்கும் காரணம் உண்டு. வாங்கிலோ பொனற்றிலோ வைத்தால், "இது என்ன கழண்டு கிடக்குது" என்று யாராவது நல்ல மனதோடு எடுத்துக் கொழுவிவிடுவார்கள்.

கை வைக்காமல் இருக்கப் பழகுவதற்கு எனக்கு இருபது வருடங்களுக்கு மேல் ஆனது. ஏனென்றால் நான் தொழில் பழகிய காலத்தில் கை வைக்காத இடம் என்று ஒன்று இருக்கவில்லை.

1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கியபோது எனக்குப் பதினாறு வயது. அப்பா என்னைக் கொக்குவிலில் ஒரு கராஜில் சேர்த்துவிட்டார். சேர்ந்த சில மாதங்களிலேயே குடாநாட்டுக்குள் பெற்றோல் வருவது நின்றது, உதிரிப்பாகம் நின்றது, கரண்டும் நின்றது. ரோச் லைற்றுக்குப் போடும் பற்றறிகூடத் தடைப் பட்டியலில் இருந்தது. மண்ணெண்ணெய் யானை விலை. வீட்டில் ஜாம் போத்தல் விளக்கில் சொட்டு விட்டுப் படித்தார்கள். அப்படியும் யாழ்ப்பாணத்துத் தெருவில் கார் ஓடியது. ஏ40, மொறிஸ் மைனர், ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் என்று பழைய பிரிட்டிஷ் சாமான்கள். அவற்றின் எஞ்சினில் அமுக்கம் குறைவு. அதனால் மண்ணெண்ணெயையும் அவை சகித்துக்கொண்டன. காலையில் காபரேற்றருக்குள் சில சொட்டுப் பெற்றோல். மூடியில் ஓட்டை போட்ட சின்னப் போத்தலால் பீய்ச்சி ஸ்டார்ட் செய்வோம். எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாறிவிடும். பின்னால் வருகிறவனுக்கு வெள்ளைப் புகையும் கண் எரிச்சலும்.

எங்கள் வேலை அந்தப் புகையின் பின்விளைவுகளைத் துப்பரவாக்குவதுதான். எரியாத மண்ணெண்ணெய் வளையங்களைத் தாண்டி இறங்கி ஒயிலைத் தண்ணியாக்கிவிடும். பிளக்கில் கரி ஏறும். வாரத்துக்கு இரண்டு எஞ்சினின் தலை கழற்றிக் கரி சுரண்டுவோம். கஸ்கெற் கிடையாது, மட்டையில் வெட்டினோம். வயர் கிடையாது, சாகப்போகும் ஒரு காரிலிருந்து உரித்தோம். எதையும் கழற்றலாம், எதையும் எதிலும் பொருத்தலாம் என்பதுதான் அன்றைய படிப்பு.

முதலாளியை நாங்கள் 'ஐயா' என்போம். நீண்ட திருப்புளியின் நுனியை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். எனக்கும் அப்படித்தான் பழக்கினார். "டேய் தம்பி, எஞ்சின் கதைக்கும். நீ வாயை மூடினாத்தான் உனக்குக் கேக்கும்" என்பார். வால்வு தட்டுவதும் பெயறிங் தேய்வதும் எனக்கு ஆட்களின் குரல் போலப் பிடிபட்டது அப்படித்தான். 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமமே சண்டைக்குப் பயந்து எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது, ஐயாவின் சைக்கிள் கரியரில் உடுப்புப் பெட்டி இல்லை. ஸ்பானர் பெட்டி இருந்தது.

1997 டிசம்பரில் ஜப்பானில் முதல் பிரியஸ் விற்பனைக்கு வந்தது. அந்த மாதம் யாழ்ப்பாணத்துக்கான பாதை மூடிக்கிடந்தது. அரிசியும் மாவும் கப்பலில் வந்துகொண்டிருந்தன. இரண்டையும் இன்று சேர்த்து நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. பாதை 2002இல் திறந்து, 2006இல் மூடி, 2009இல் மறுபடி திறந்தது. அதற்குப் பிறகுதான் கொழும்பிலிருந்து ஜப்பான் றீகண்டிஷன் கார்கள் வரிசையாக வரத் தொடங்கின. ஹைபிரிட்டுக்கு வரிச்சலுகை இருந்தது. அரச உத்தியோகத்தர், வைத்தியர், வெளிநாட்டுக் காசு வரும் வீடுகள் என்று எங்கும் பிரியஸும் அக்வாவும் நின்றன.

என்னிடம் முதல் பிரியஸ் வந்தது 2012இல். ஒயில் மாற்ற வேண்டும் என்றார் உரிமையாளர். ஒயில் மாற்றுவதில் என்ன வித்தை? ஜக் அடித்து, தாங்கி வைத்து, கீழே போய் வடிகால் ஆணியைக் கழற்றினேன். எஞ்சின் சத்தம் இல்லை. ஆகவே கார் நிற்கிறது என்று என் காது சொன்னது. உள்ளே உரிமையாளரின் மகன் ஏசியைப் போட்டுக்கொண்டு ரெலிபோனில் விளையாடிக்கொண்டிருந்தான். கார் நிற்கவில்லை, 'றெடி'யில் இருந்தது. ஏசி இழுத்து இழுத்துப் பற்றறி இறங்க, அதைச் சார்ஜ் பண்ண எஞ்சின் தானாக எழும்பியது. என் முகத்துக்கு மேலே, ஒயில் முழுதும் சட்டிக்குள் வடிந்த பிறகு.

"ஓவ் பண்ணு! ஓவ் பண்ணு!" என்று நான் கத்திய கத்தில் அடுத்த வளவுக்காரரும் ஓடிவந்தார். சில விநாடிதான், எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு அன்று முழுதும் கை நடுங்கியது. இருபத்திரண்டு வருடம் நம்பிய காது முதல்முறை பொய் சொல்லியிருந்தது. அன்றிலிருந்து திறப்பை முதலில் வாங்கி வீட்டுக்குள் கொண்டுபோய், சாமியறைத் தட்டில் வைத்துவிடுவேன். ஸ்மாட் திறப்பு காருக்குக் கிட்ட இருந்தால் யாரோ ஒருவர் பட்டனை அழுத்தினால் போதும். சாமியறையில் இருந்தால் யாரும் தொட மாட்டார்கள்.

பிறகு படித்தேன். கொழும்பில் வேலை செய்யும் பெடியன்களைக் கேட்டேன், ஜப்பான் புத்தகங்களின் படங்களைப் பார்த்தேன். எஞ்சின் தன் பாட்டில் நிற்காமல் தொடர்ந்து ஓட வேண்டும் என்றால் ஒரு முறை இருக்கிறது. எஞ்சினை எழுப்பாமல் பவர் பட்டனை மட்டும் போட்டு, ஒரு நிமிடத்துக்குள் பி-யில் அக்சிலேற்றரை முழுதாக இரண்டு தரம், என்-னில் இரண்டு தரம், மறுபடி பி-யில் இரண்டு தரம் மிதித்து, பிரேக்கில் கால் வைத்து ஸ்டார்ட் செய்ய வேண்டும். ஆறு மிதி. என் உதவியாளன் இதற்கு 'ஆறெழுத்து மந்திரம்' என்று பேர் வைத்திருக்கிறான். புகைப் பரிசோதனைக்குப் போகிறவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்துத்தான் அனுப்புவேன்.

ஒயில் மாற்றுவதை வீட்டில் தாங்களே செய்யலாமா என்று பலர் கேட்பார்கள். தாராளமாக. திறப்பைத் தூரத்தில் வையுங்கள், ஜக்கை மட்டும் நம்பிக் கீழே போகாதீர்கள், வடிகால் ஆணியின் வாசரைப் புதிதாகப் போடுங்கள். ஒயில் 0டபிள்யூ-20 தான். மலிவாகக் கிடைக்கிறது என்று தடித்த ஒயிலை விட வேண்டாம். இந்த எஞ்சின் ஒரு நாளில் நூறு தரம் நின்று எழும்பும்; ஒவ்வொரு தரமும் ஒயில் உடனே மேலே ஏற வேண்டும். அளவுக்கு மேலும் விட வேண்டாம்.

ஒயிலை மாற்றுவதைவிட, கழித்த ஒயிலை என்ன செய்வது என்பதில்தான் நான் கண்டிப்பு. முன்பு எங்கள் கராஜ்களில் அதை வேலிக்கரையில் ஊற்றினோம், கறையானுக்கு நல்லது என்று வேலிக் கதியாலிலும் பூசினோம். குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு ஒன்றுமில்லை. குடிப்பது, குளிப்பது, வெங்காயத்துக்கு இறைப்பது எல்லாம் சுண்ணாம்புக்கல்லுக்குக் கீழே நிற்கும் அந்த ஒரே தண்ணீர். சுன்னாகப் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்துவிட்டது என்று 2014, 2015இல் சனம் தெருவில் இறங்கியதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அதற்குப் பிறகு என் வளவில் ஒரு மூடி போட்ட பரல் இருக்கிறது. வீட்டில் ஒயில் மாற்றுகிறவர்கள் பழையதைக் கானில் கொண்டுவந்து அதற்குள் ஊற்றலாம், காசு வாங்குவதில்லை.

அதே கிணற்றுத் தண்ணீர்தான் ரேடியேற்றருக்கு எதிரி. நம் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அது எஞ்சினுக்குள்ளும் படியும். மொறிஸ் மைனருக்கு வாளியால் அள்ளி ஊற்றிய கை எங்களுடையது. அந்தப் பழக்கம் இன்னும் சிலரிடம் போகவில்லை. ஹைபிரிட்டில் இரண்டு குளிர்ச்சி வட்டம். ஒன்று எஞ்சினுக்கு, மற்றது இன்வேட்டருக்கு. இரண்டாவதின் தாங்கி சின்னது, பலர் கண்ணில் படுவதே இல்லை. பிரியஸை 'றெடி'யில் வைத்து அந்தத் தாங்கியின் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பு நீர் குமிழியிட்டுச் சுழன்றால் பம்பி வேலை செய்கிறது. அசையாமல் கோயில் தெப்பக்குளம் போலக் கிடந்தால் காரை எடுத்துக்கொண்டு கொழும்புக்கு வெளிக்கிட வேண்டாம்; நானூறு கிலோமீற்றரில் எங்கே நிற்கும் என்று தெரியாது. குறைந்திருந்தால் அதே வகைக் கூலன்ற்றால் நிரப்புங்கள். கிணற்றுத் தண்ணீர் வேண்டாம்.

ரீச்சரின் காருக்கு வருவோம். அவர் படிப்பிப்பது தீவகத்தில். தினமும் பண்ணைப் பாலத்தால் போய்வருவார். இரண்டு பக்கமும் கடல்; சோளகம் வீசும் மாதங்களில் கண்ணாடியில் உப்புப் பிடிக்கும். அவர் சொன்ன முறைப்பாடு, "பிரேக் பிடிக்கேக்க வலப்பக்கம் ஒரு கிறீச் சத்தம்." ஹைபிரிட்டில் பிரேக் பாட் இலேசில் தேயாது. காலை வைத்ததும் மோட்டர்தான் முதலில் இழுத்து வேகத்தைக் குறைத்து, அந்த சக்தியைப் பற்றறிக்கு அனுப்புகிறது. பாட் தேயாது என்பதால் யாரும் கழற்றிப் பார்ப்பதில்லை, அங்கேதான் பிழை. வேலையில்லாத இரும்பு துருப்பிடிக்கும். கலிப்பரைக் கழற்றியபோது ஒரு வழுக்கு ஊசி கையால் அசைக்க முடியாமல் இறுகிக் கிடந்தது. ஒரு பக்கப் பாட் பாதி தேய்ந்திருந்தது, மற்றது புதுசு. துருவைச் சுரண்டி, பிரேக்குக்கென்று உள்ள கிறீஸ் பூசிப் போட்டேன். கரையோரத்துக்காரர் வருடத்துக்கு ஒருமுறையாவது இதைப் பார்க்க வேண்டும். ஒன்று கவனம்: சாரதிக் கதவைத் திறந்தாலே இந்த வாகனங்களின் பிரேக் பம்பி ஓடி அமுக்கம் ஏற்றும். சின்னப் பற்றறியின் வயரைக் கழற்றாமல் கலிப்பரில் விரலை விடக் கூடாது.

சின்னப் பற்றறி என்று நான் சொல்வது 12 வோல்ற். ஹைபிரிட் 'செத்துப்போச்சு' என்று வரும் ரெலிபோன்களில் பாதிக்கு மேல் அதுதான். பெரிய பற்றறியில் எவ்வளவு இருந்தாலும், காரின் மூளையை எழுப்புவது இந்தச் சின்னன்தான். இரவு நின்ற காரில் காலையில் மீற்றரை வைத்துப் பாருங்கள், 12.6 அளவில் இருந்தால் நல்லது, 12.2க்குக் கீழே என்றால் யோசிக்க வேண்டும். அது இருப்பது காருக்குள்ளே, பின்னால். ஆகவே அதன் வாயு வெளியேறும் சின்னக் குழாயை மாற்றும்போது மறக்காமல் கொழுவ வேண்டும்.

சின்னப் பற்றறி சாவதை 2022இல் நிறையப் பார்த்தேன். பெற்றோல் வரிசை கிலோமீற்றர் கணக்கில் நின்ற காலம். ஜூலையில் கியூஆர் முறை வந்து, காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்றார்கள். அதற்கு முன் வாரக்கணக்கில் கார்கள் வீட்டில் நின்றன. சின்னப் பற்றறிகள் வரிசையாகச் செத்தன. வரிசையில் நின்றவர்கள் பெற்றோலை மிச்சம் பிடிக்கக் காரை என்-னில் போட்டுத் தள்ளினார்கள். ஹைபிரிட் என்-னில் நின்றால் பெரிய பற்றறி சார்ஜ் ஆகாது. ஏசியும் போட்டிருந்தால் வடிந்துகொண்டே போகும். பி-யில் 'றெடி'யில் விடுங்கள், எஞ்சின் தேவைக்கு எழும்பி அணையட்டும் என்று ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லி வாய் நொந்தது. 1990இல் சொட்டுப் பெற்றோலில் எழுப்பிய கைக்கு, அந்த வரிசை புதிதாகத் தெரியவில்லை.

பிரேக் முடிந்த பிறகுதான் ரீச்சர் உண்மையான கவலையைச் சொன்னார். "பெரிய பற்றறி முடிஞ்சுது எண்டு ஒரு இடத்தில சொல்லிப்போட்டினம். லட்சக்கணக்கில வருமாம்." அவரின் குரல் இறங்கியிருந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடமும் இருக்கிற காரைக் காப்பாற்றுவதைவிட வேறு வழி இருக்கவில்லை. அந்த நாட்களில் 'பற்றறி முடிஞ்சுது' என்ற வார்த்தை வைத்தியர் சொல்லும் கெட்ட செய்தி போல.

அந்தப் பற்றறி காருக்குள்ளிருக்கும் காற்றைத்தான் சுவாசிக்கிறது. பின் ஆசனத்தின் அடியோரத்தில் ஒரு கிறில் இருக்கும். அதன் வழியாக ஒரு விசிறி காற்றை இழுத்துப் பற்றறிக்குள் தள்ளும். அதற்காகத்தான் அன்று ஆசனத்தைத் தூக்கினேன், பிடியைக் கழற்றினேன், பத்து நிமிடம் இருந்தேன். விசிறியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்ததும் ரீச்சர் வாயில் கையை வைத்தார். இதழ்களுக்கு நடுவே செம்மண் புழுதி கம்பளி போலப் படிந்திருந்தது. அதற்குள் ஊதா நிறத்தில் மெல்லிய சருகுகள் அடுக்கடுக்காக ஒட்டியிருந்தன.

"உது என்ன?"

"வெங்காயச் சருகு ரீச்சர்."

அவர் வீட்டுத் தோட்டத்து வெங்காயம் சாக்குச் சாக்காகப் பின் ஆசனத்தில் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தது. சாக்கு கிறிலை அடைத்தது. சருகு உள்ளே போனது. காண்டாவன வெயிலில் மூச்சடைத்த பற்றறி வேறென்ன செய்யும்?

அன்று ஐயாவும் வந்திருந்தார். எண்பது தாண்டிவிட்டது; பின்னேரங்களில் வந்து வாங்கில் இருப்பார். "உந்தக் காரில நான் கை வைக்க ஏதும் இருக்கோ?" என்று கேட்பார், நான் சிரித்து மழுப்புவேன். அன்று விசிறியையும் ஒரு பெயின்ற் பிரஷ்ஷையும் அவர் மடியில் வைத்தேன். கரி சுரண்டிய அதே பொறுமையோடு ஒவ்வொரு இதழாகத் துடைத்தார். முடிந்ததும் விசிறியை விரலால் சுண்டிவிட்டு, காதுக்குக் கிட்டப் பிடித்தார். "பெயறிங் நல்லாயிருக்கு" என்றார். அந்தக் காரில் காதுக்கு வேலை இருந்த ஒரே இடம் அதுதான்.

துப்பரவாக்கியதால் செத்த கலம் உயிர்த்துவிடாது. அதை ரீச்சருக்கு ஒளிக்காமல் சொன்னேன். அக்வாவின் பற்றறியில் இருபது துண்டுகள் தொடராகக் கோத்திருக்கும். ஒன்று பலவீனப்பட்டால் மற்றவற்றையும் இழுத்துக்கொண்டு போகும். ஒரு துண்டை மட்டும் மாற்றினால் சில மாதத்தில் அடுத்தது கையைத் தூக்கும். ஆனால் சூடேறித் தள்ளாடும் பற்றறியும் செத்த பற்றறியும் ஒன்றல்ல. ஸ்கானரைப் போட்டு, காரை ஓடவிட்டு, இருபது துண்டுகளின் வோல்ற்றையும் சோடி சோடியாகப் பார்த்தேன். பெரிய வித்தியாசம் இல்லை. "இப்ப மாத்தத் தேவையில்லை. ஆறு மாசத்துக்கு ஒருக்கா இந்தக் கிறிலைப் பாருங்கோ. ரோச் அடிச்சா உங்களுக்கே தெரியும். தூசெண்டா வக்குயூம் பிடியுங்கோ. சாக்கு மட்டும் வேண்டாம்" என்று சொல்லி அனுப்பினேன்.

ஒரு வருடம் போயிருக்கும். ஞாயிறு காலையில் ரீச்சர் ரெலிபோன் எடுத்தார்.

"அண்ணை, கிறில் துப்பரவு. வெங்காயம் இப்ப லாண்ட்மாஸ்ரர்ல போகுது. ஒயிலும் நானே மாத்திப்போட்டன், பழசு கானில இருக்கு, கொண்டுவந்து ஊத்திறன். இனி அந்த செம்மஞ்சள் பிடியையும் கழட்டி விசிறியைப் பாக்கட்டோ?"

"வேண்டாம் ரீச்சர். அது என்ர சட்டைப் பைக்குரிய சாமான். திறப்பைச் சாமியறையில வையுங்கோ, நான் வாறன்."